பேணிக்குள் இருந்த 312 ஸ்லைட்: கடையா, ஸ்கானரா, கமராவா?

பெரியப்பாவின் ஸ்லைடுகள், அதாவது புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் சிறு பிலிம் படங்கள், இரண்டு இடத்தில் இருந்தன. ஒரு பங்கு வவுனியாவில் சித்தி வீட்டு அலுமாரியில், பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் அடுக்கியபடி. மற்றப் பங்கு ஒரு பால்மாப் பேணியில். 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அந்தப் பேணி பெரியம்மாவின் உடுப்புப் பையோடு மல்லாவிக்குப் போனது. பிறகும் இரண்டு மூன்று வீடு மாறியது. 2005இல், பாதை திறந்திருந்த காலத்தில், யாரோ வவுனியாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டபடியால்தான் தப்பியது. கல்யாண அல்பங்கள் எதுவும் தப்பவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினோம்: 312.

பெரியப்பா வாத்தியார். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நாட்களில் கலர்ச் சுருள் கிடைப்பது குதிரைக்கொம்பு. லண்டனில் படித்த அவருடைய தம்பி ஊருக்கு வரும்போது நாலைந்து ஸ்லைட் சுருள் கொண்டு வருவார். எடுத்து முடித்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கழுவுவித்து அனுப்புவார். ஆகவே கண்டபடி அமுக்கிய படம் ஒன்றும் இல்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம், மதுரை, கன்னியாகுமரி என்று போன ஒரு யாத்திரை, யாழ்தேவி ரயில் பயணங்கள், முறிகண்டியில் தேங்காய் உடைக்க இறங்கிய இடம், மாரியில் வான்பாயும் இரணைமடுக் குளம். இவ்வளவும் 24க்கு 36 மில்லிமீற்றர் துண்டுகளுக்குள்.

இவற்றைக் கணினிக்குள் கொண்டுவர என்ன வழி என்று பார்க்கத் தொடங்கி ஆறு மாதம் போய்விட்டது. வன்னியில் இதேபோல ஒரு பேணியோ பெட்டியோ வைத்திருக்கிறவர்களுக்கு அந்த ஆறு மாதம் மிச்சப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஸ்லைடுகளைப் பிரியுங்கள். எந்த முறை பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் சொல்லும். படத்தைச் சுற்றியிருக்கும் சட்டத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். கோடக் கழுவிய மட்டைச் சட்டங்களில் கழுவிய மாதமும் ஆண்டும் பதிந்திருப்பது வழக்கம். கோடாக்ரோம் என்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 1935இல் வந்த சுருள் அது. 2009இல் கோடக் நிறுத்திவிட்டது. இருட்டில் வைத்தால் ஐம்பது வருடம் போனாலும் நிறம் அப்படியே நிற்கும். புரொஜெக்டர் வெளிச்சம்தான் அதற்கு எதிரி. பழைய எக்டாக்ரோமும் அந்தக் காலத்து வேறு சில சுருள்களும் அப்படியல்ல. பெட்டிக்குள் கிடந்தபடியே அவற்றின் நீலப்பச்சைச் சாயம் மங்கிப்போக, படம் முழுக்கச் செங்காய் நிறமாகிவிடும். எங்களுடைய 312இல் 190 அளவு கோடாக்ரோம். மிச்சத்தில் பாதி சிவந்துபோனவை. பேணியில் இருந்தவற்றில் 40 அளவுக்குப் பூசணம்.

பூசணம் பற்றி ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிட வேண்டும். படம் நிற்கும் படலம் ஜெலற்றின். பூசணத்துக்கு அது சாப்பாடு. பூசணம் தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரையக்கூடியதாக மாறிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் அழுக்கோடு படமும் வந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு மதுரைக் கோபுரம் அப்படித்தான் போனது, துடைத்தது நான்தான். காற்றூதும் ரப்பர்ப் பந்து, மெல்லிய தூரிகை, அதற்கும் போகாவிட்டால் தண்ணீர் கலக்காத ஐசோபுரோப்பைல் அல்கஹோலை ஒரு பஞ்சுக்குச்சியில் தொட்டு முதலில் ஓரத்தில் ஒரு சோதனை. அதற்கு மேல் போகாதீர்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் ஸ்லைடைக் கழற்றி எடுங்கள். கண்ணாடி ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதோடு, படத்தில் எண்ணெய் மிதந்ததுபோல வானவில் வளையங்களையும் போடும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாரும் முதலில் சொல்வது கடைக்குக் கொடு என்பது. நானும் பரீட்சித்துப் பார்க்க 20 ஸ்லைடை ஒரு நகரத்து ஸ்டூடியோவில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு சீடியில் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு மெகாபைட்டை விடக் கொஞ்சம்தான் கூட. நாலு பக்கமும் வெட்டுப்பட்டிருந்தது. ஒன்பது படம் இடம்வலம் மாறியிருந்தது. பெயர்ப்பலகை உள்ள படத்தில் எழுத்தைப் பார்த்தே பிழை தெரிந்துவிட்டது. மற்றவற்றில் பெரியம்மாதான் பிடித்தார்: “நான் எப்ப தம்பி வலத் தோளிலை தலைப்புப் போட்டனான்?” ஸ்லைடின் மினுங்கும் பக்கம் எது, மங்கலான பக்கம் எது என்று பார்க்காமல் வைத்தால் நடப்பது இது. மங்கல் பக்கத்தில்தான் படலம் இருக்கிறது. கோடாக்ரோமைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பக்கத்தில் படம் சற்றே புடைத்துத் தெரியும்.

நல்ல கடைகள் இல்லாமல் இல்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஒழுங்கான பிலிம் ஸ்கானர் வைத்துச் செய்கிறவர்களிடம் கொடுத்தால் வேலை சுத்தமாகவே வரும். ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு ஸ்லைடுக்கு 150 ரூபாய் என்று வைத்தாலே 312க்கு 46,800 ரூபாய். கனடாவில் இருக்கும் மச்சான் “இஞ்சை அனுப்பு, நான் காசு குடுக்கிறன்” என்றார். காசு பிரச்சினை தீர்ந்தது, தபால் பிரச்சினை தீரவில்லை. விமான நிலைய எக்ஸ்ரே பற்றிச் சிலர் பயப்படுவார்கள். கழுவி முடித்த படத்தை அது ஒன்றும் செய்யாது. தொலைந்துபோவதுதான் பயம். இவ்வளவு இடப்பெயர்வுக்கும் தப்பி வந்த பொருளைப் பொதி கட்டிக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. கடையில் கொடுப்பதென்றே முடிவெடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி)? சுருக்கிய ஜேபெக் மட்டுமா, விவரம் இழக்காத டிஃப் கோப்பும் தருவீர்களா? வெட்டாமல் முழுச் சட்டமும் வருமா? மூன்றாவது கேள்விக்கு முழித்தால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இணையக் கடைகளில் விற்கும் கைக்கு அடக்கமான “ஸ்லைட் கன்வேர்ட்டர்” பெட்டிகளில் நேரம் செலவழிக்க வேண்டாம். உள்ளே இருப்பது போனில் இருப்பதுபோன்ற ஒரு சிறு கமரா. 22 மெகாபிக்சல் என்று போட்டிருப்பார்கள். அதில் ஒரு பங்கு ஊதிப் பெருப்பித்தது. வெயில் பட்ட வெள்ளை வேட்டி, கோயில் மதில் எல்லாம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட மட்டும் உதவும், அதைப் போனே செய்யும். ஸ்லைடைச் சுவரில் விழுத்திப் படமெடுக்கும் யோசனையும் வேண்டாம். நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருட்டு, மேலதிகமாக ஸ்லைடுக்குச் சூடு.

தட்டை ஸ்கானர் வேறு கதை. ஆவணம் ஸ்கான் பண்ணும் சாதாரண ஸ்கானர் ஸ்லைடுக்கு உதவாது. மூடியிலும் விளக்கு இருக்க வேண்டும். எப்சன் வி600இல் ஒரு தடவைக்கு 4 ஸ்லைட் வைக்கலாம், வி850இல் 12. வி600 பெட்டியில் 6400 டிபிஐ என்று இருக்கும், உண்மையில் கிடைக்கும் விவரம் அதில் மூன்றிலொரு பங்குகூட வராது. போஸ்ட்கார்ட் அளவில் அச்சடிக்க, போனில் பார்க்க அது போதும். கப்பலின் தட்டில் நிற்கும் ஒருவரின் முகத்தைத் தேடிப் பெருப்பித்தால் சேறாகிவிடும்.

இந்த வகை ஸ்கானரில் கிடைக்கும் உண்மையான லாபம் அகச்சிவப்பு ஒளியால் தூசு நீக்குவது. சாயங்களை அகச்சிவப்பு ஊடுருவிப் போய்விடும், தூசும் கீறலும் தடுக்கும். எது படம், எது தூசு என்று இயந்திரத்துக்கு அப்படித் தெரிகிறது. எக்டாக்ரோமில் இது மந்திரம் மாதிரி வேலை செய்யும், பூசண நூல்களைக்கூட ஓரளவு எடுத்துவிடும். கோடாக்ரோமில் நம்பமுடியாது. அதன் படமே அகச்சிவப்பை ஓரளவு மறிப்பதால் இருண்ட இடங்களைத் தூசு என்று நினைத்து மென்றுவிடும். கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி இருப்பதால் அறவே கூடாது. ஆகவே உங்கள் பேணியில் பெரும்பகுதி கோடாக்ரோம் என்றால் இந்த வசதிக்காகக் காசு கொட்ட வேண்டியதில்லை.

பிலிமுக்கென்றே செய்த ஸ்கானர்கள், உதாரணமாகப் பிளஸ்டெக் 8200i, தட்டை ஸ்கானரை விட நன்றாகவே விவரம் எடுக்கும். 3000 டிபிஐ உண்மையாகக் கிடைத்தால் ஒரு ஸ்லைட் 4250க்கு 2835 புள்ளி, அதாவது சுமார் 12 மெகாபிக்சல். குடும்பப் படத்துக்குத் தாராளம். ஆனால் இறக்குவிக்கத்தான் வேண்டும். வரி, காத்திருப்பு, பழுதானால் பார்க்க ஆளில்லை. ஸ்லைடைக் கையால் ஒவ்வொன்றாகத் தள்ளவேண்டும், தரமாக எடுத்தால் ஒன்றுக்கு நாலைந்து நிமிடம். 312க்கு ஐந்து நிமிடம் என்றால் 26 மணித்தியாலம், இடையில் கரண்ட் போகாமல் இருந்தால்.

எனக்கு அந்த நாலைந்து நிமிடம்தான் இடித்தது. 26 மணித்தியாலத்தை ஓய்வான நாட்களில் பிரித்துச் செய்துவிடலாம். பெரியம்மாவுக்கு வயது 84. எந்தப் படம் எங்கே, யார் யார் என்பதெல்லாம் அவருக்கு மட்டும் தெரியும். பெரியப்பா எதிலும் எழுதி வைக்கவில்லை. ஸ்கானர் உறுமிக்கொண்டிருக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வந்தால், அவர் இரண்டாவது படத்தோடு எழும்பித் தேங்காய் துருவப் போய்விடுவார். படம் உடனே திரையில் வரவேண்டும், அவர் கதைக்கவேண்டும், நான் எழுதவேண்டும். இப்படிப் பார்த்தபோது கமரா ஒன்றுதான் மிஞ்சியது.

கமராவால் எடுப்பது என்றால், ஸ்லைடுக்குப் பின்னால் ஒரே சீரான வெள்ளை வெளிச்சம், முன்னால் மக்ரோ லென்ஸ் போட்ட கமரா. அவ்வளவுதான். மக்ரோ லென்ஸ் வன்னியில் எங்கே என்று கேட்பீர்கள். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வவுனியாவிலும் கல்யாணவீடு, சாமத்தியவீடு எடுக்கிற தம்பிமாரின் பைகளில் இருக்கிறது. தாலிக்கொடி, மோதிரம், மருதோன்றிக் கை எல்லாம் கிட்டப் போய் எடுக்க அவர்கள் வைத்திருப்பது அதே லென்ஸ். ஆடி மாதம் கல்யாணம் இல்லை. கமரா சும்மா கிடக்கும், கேட்டால் இரண்டு கிழமைக்குக் கிடைக்கும். மழை இல்லாத காலம் என்பதால் ஸ்லைடும் ஈரமில்லாமல் காய்ந்திருக்கும். காற்றில் பறக்கும் செம்மண் தூசுக்கு மட்டும் யன்னலைச் சாத்திவிடுங்கள்.

மக்ரோ கிடைக்காவிட்டால் 50 மில்லிமீற்றர் லென்ஸும், லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபும் போதும், முக்கியமாகச் சிறிய சென்சர் உள்ள கமராக்களில். ஓரம் கொஞ்சம் மென்மையாக வரும். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8இல் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெளிச்சத்தில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். லப்டொப் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அதன் மேல் ஸ்லைடை வைத்தால், திரையின் புள்ளிக் கட்டங்களும் சேர்ந்து வரும். வீட்டு எல்ஈடி பல்ப் தோலின் நிறத்தைச் சாம்பலாக்கும். நாங்கள் செய்தது: பெயர்ப்பலகை செய்கிற கடையில் வெட்டி மிஞ்சிய பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்று. அதற்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் கல்யாணக்காரத் தம்பியின் பிளாஷ். பிளாஷின் ஒளி பகல் வெளிச்சத்துக்குக் கிட்ட நிற்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் அடித்து முடிவதால் மேசை ஆடினாலும் படம் ஆடாது. கமராவும் பிளாஷும் பற்றரியில் ஓடும். கரண்ட் போன இரவுகளில் எங்கள் வேலை இன்னும் நன்றாக நடந்தது, வேறு வெளிச்சம் ஸ்லைடின் மேல் பட்டுத் தெறிக்கவில்லை.

கமராவும் ஸ்லைடும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க ஒரு வழி உண்டு. ஸ்லைட் வைக்கிற இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து லென்ஸ் வழியே பாருங்கள். லென்ஸின் பிரதிபலிப்பு நட்டநடுவில் தெரியும்வரை முக்காலியைத் திருத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரு மூலை தெளிவாகவும் மறு மூலை கலங்கியும் வரும். ஐஎஸ்ஓ 100, ரோ கோப்பு (கமரா பதிவதைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் வகை), கையால் போக்கஸ், வெள்ளைச் சமநிலையை ஒரே இடத்தில் பூட்டிவிடுவது. இருண்ட ஸ்லைட் என்றால் வெளிச்சத்தைக் கூட்டி இன்னொரு படமும் எடுத்து வையுங்கள்.

இதன் குறையையும் சொல்லவேண்டும். அகச்சிவப்பு உதவி இல்லை. ஊதாமல் விட்ட ஒவ்வொரு தூசும் பிறகு உங்கள் கையால்தான் போகவேண்டும். முதல் நாள் அவசரத்தில் எடுத்த 30 ஸ்லைடைத் திரும்ப எடுத்தேன். பூசணம் பிடித்த 40இல் கோடாக்ரோம் அல்லாதவற்றை, யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பரிடம் இருந்த தட்டை ஸ்கானருக்கு நானே கையில் கொண்டுபோய்ச் செய்துகொண்டு வந்தேன். தெளிவு கொஞ்சம் குறைவு, ஆனால் மணிக்கணக்கான துப்புரவு மிச்சம். ஒரே முறையைப் பிடித்துத் தொங்கத் தேவையில்லை.

எடுத்த பிறகு திருத்தும் வேலையிலும் இதே தெரிவுதான்: கையாலா, தானாகவா, செயற்கை நுண்ணறிவாலா?

சிவந்துபோன ஸ்லைடுக்குக் கையால் செய்வது நினைத்ததை விட இலகு. இலவசமான கிம்ப் மென்பொருளிலேயே முடியும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தடத்தையும் தனித்தனியே திறந்து, ஒவ்வொன்றிலும் இருண்ட முனையையும் வெளிச்ச முனையையும் படத்தின் தரவு தொடங்கும் இடத்துக்கு இழுத்தால் முக்கால்வாசி நிறம் திரும்பிவிடும். வீயூஸ்கான் என்ற ஸ்கானர் மென்பொருளில் இருக்கும் மங்கல் மீட்புத் தெரிவு இதையே ஒரு சொடுக்கில் செய்கிறது. நாலில் மூன்றுக்குச் சரி, மாலை நேரத்துப் படங்களில் சொதப்பும், பொன் நிறத்தையும் பிழை என்று எண்ணித் துடைத்துவிடும். கோடாக்ரோமோ எந்தக் கருவியில் எடுத்தாலும் கொஞ்சம் நீலமாக வரும். ஒரு படத்தில் சரிப்படுத்தி அதே அளவை மற்றவற்றுக்கும் பிரதி பண்ணினால் போதும்.

செயற்கை நுண்ணறிவு ஆப்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தலைமன்னார் இறங்குதுறைப் பெயர்ப்பலகை உள்ள ஸ்லைடைத் தெளிவாக்கச் சொல்லிக் கொடுத்தேன். சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரு மொழியிலும் இல்லாத கோலங்களாக வந்தன. எழுத்தில் பிழை என்று கண்டுபிடிக்க முடிந்தது. பக்கத்தில் நின்ற ஆச்சியின் முகத்துக்கு அது என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்? முகம் பளிச்சென்று வந்தது, பெரியம்மா “இது ஆர்?” என்று கேட்டார். மூலத்தைக் காட்டியதும் உடனே பெயர் சொன்னார். வானத்தில் உள்ள கீறலை அழிக்க அந்த ஆப் பரவாயில்லை, முகத்தில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.

திருத்தாத படத்தை ஒருபோதும் அழிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சட்டம் கிழிந்து திகதி போன ஸ்லைடுகளின் காலத்தைப் படத்துக்குள் இருப்பதை வைத்துத்தான் பிடித்தோம். பாம்பனில் ரயில் பாலம் மட்டும் நிற்கிறது, 1988இல் திறந்த தெருப் பாலம் இல்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் மண்டபம் இருக்கிறது, ஆகவே 1970க்குப் பிறகு; பக்கத்துப் பாறை வெறுமையாக இருக்கிறது, வள்ளுவர் சிலை 2000இல்தான் வந்தது. மூலையில் மங்கலாகத் தெரிவதைத் தூசு என்று துடைத்திருந்தால் இதெல்லாம் போயிருக்கும்.

சேமிப்பதில் தெரிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 24 மெகாபிக்சல் கமராவின் ரோ கோப்புகள் எல்லாம் சேர்த்து 10 ஜிபிக்குள் அடங்கின. கூகிள் டிரைவின் இலவச 15 ஜிபிக்கே போதும். எல்லாவற்றையும் 16 பிட் டிஃப் ஆக்கினால் ஒன்று 144 மெகாபைட், மொத்தம் 45 ஜிபி. நல்ல 60 படத்துக்கு மட்டும் அப்படிச் செய்தேன். ஒரு பிரதி கிளிநொச்சியில், ஒன்று வவுனியாவில், ஒன்று மச்சானிடம் கனடாவில். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள்.

மூல ஸ்லைடுகள் இப்போது காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு, வெளிச்சம் படாத இடத்தில் இருக்கின்றன. பால்மாப் பேணியை எறியப் பெரியம்மா விடவில்லை. அதில் இப்போது பொத்தானும் ஊசியும். அவர் சொன்னதெல்லாம் இலக்கமிட்ட இரண்டு கொப்பிகளில் இருக்கிறது. பதினான்கு படத்துக்கு மட்டும் ஆள் தெரியவில்லை. அந்த யாத்திரையில் கூடப் போன ஒருவர் முள்ளியவளையில் இருக்கிறாராம். காது கேட்பது குறைவு, கண் நல்ல தெளிவு என்கிறார்கள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகும்போது லப்டொப்பையும் கொண்டுபோகிறேன்.